நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி வைக்கிறோம்
சிங்கப்பூரின் 1995 பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பெற்றோர் பக்தியை வலியுறுத்திய பழஞ்சீனச் சிந்தனையாளர் கன்பூசியஸ் இன்றும் செல்லுபடியாகிறார் என்பதற்குச் சான்றாம், நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர் பிள்ளைகளிடம் பணம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அவ்வளவுதான் சட்டம். கன்பூசியஸோ, சோறு போடுவதையே பெற்றோர் பக்தி என்கிறார்களே, நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி வைக்கிறோம், மரியாதை இல்லையென்றால் என்ன வித்தியாசம் என்று கேட்டவர். தண்டனையைக் காட்டி ஆண்டால் ஜனங்கள் தப்பிக்க வழி பார்ப்பார்கள், வெட்கம் மட்டும் வராது என்றும் சொன்னவர். நான் சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருந்தபோது எதிர்வீட்டுச் சீனத் தாத்தாவுக்கு மகன் மாதம் பிசகாமல் பணம் போட்டுவிடுவார். தாத்தா எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் சீனச் சதுரங்கக் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு, மின்தூக்கி திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். சட்டப்படி அந்த மகன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சீனா ஒரு படி மேலே போய், பிரிந்து வாழும் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்றே 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் எழுதியது. அடிக்கடி என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? அது அதில் இல்லை. சரி, அதற்காக அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்வதுபோல இந்தச் சட்டங்களையே தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பசியோடு இருக்கும் கிழவருக்கு முதலில் சோறுதான் வேண்டும். அதற்குக் கன்பூசியஸ் பெயரை எதற்கு இழுப்பது என்பதுதான் என் சண்டை.