செருமாத கேமரா

மன்னார்குடி வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டி எட்டு மாதம் ஆயிற்று. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோவையிலிருந்து செயலியைத் திறந்தால் திரை முழுக்க மஞ்சள். கெட்டுவிட்டதோ என்று அம்மாவை அழைத்தேன். "கெடவில்லை, துண்டு போட்டு மூடியிருக்கிறேன். தலைக்குக் குளித்தேன், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முடி காயவைக்க வேண்டாமா?" என்றாள். அதுவரை ஈரத் தலையோடு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

அப்பா போன பிறகு தனியாக இருக்கிறாள், வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்ற பயத்தில்தான் வாங்கினேன். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால், மாட்டலாமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவைக் கேட்பது பற்றி யோசிக்கக்கூட இல்லை. முதல் நாள் சுவரிலிருந்து "மாத்திரை போட்டாயா அம்மா?" என்று என் குரல் வந்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அதை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தவன் நான்.

எங்கள் தாத்தா வெளியே போய்விட்டு வந்தால் வாசற்படி ஏறும்போதே தொண்டையைச் செருமுவார். கூடத்தில் படுத்திருக்கும் பெண்கள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்ள அது போதும். தனியுரிமை எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் செருமல்தான் கேட்கும். நானோ ஒரு நாளைக்குப் பத்து முறை செருமாமல் உள்ளே நுழைந்திருக்கிறேன்.

நான் மட்டும்தான் நுழைந்தேனா? மாட்டிக் கொடுத்தவர் வைத்த கடவுச்சொல்லை நான் தொடவே இல்லை. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் 2025இல் வெளியே கசிந்து டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. அங்கேயும் 'அட்மின்' என்று தொடங்கும் கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை என்று செய்திகள் வந்தன. 2016இல் மிராய் என்ற கெடுநோக்கு மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்ததற்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொற்களில் அறுபது சொச்சம் கொண்ட பட்டியலே போதுமானதாக இருந்தது.

கடவுச்சொல்லை மாற்றினாலும் விற்ற நிறுவனம் இருக்கிறதே. வீட்டுக் கேமரா விற்கும் அமேசானின் ரிங் நிறுவன ஊழியர் ஒருவர், பெண்களின் படுக்கையறை, குளியலறைக் கேமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கை நிறுவனம் முடித்துக்கொண்டது. படுக்கையறையில் கேமராவை மாட்டியவர்கள் பாதுகாப்புக்காகத்தான் மாட்டியிருப்பார்கள், என்னைப் போலவே.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகச் சொன்னார்கள். பிறகு 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால், தனிநபர் ஒருவர் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, நிறுவனத்தின் மீது அம்மா புகார் சொல்ல அந்தச் சட்டத்தில் இடம் உண்டு, என் மீது சொல்ல இடமில்லை. கருவி வாங்கியவனின் விருப்பத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதன் முன்னால் நாள் முழுக்க நடமாடுகிறவளை விற்றவரும் கேட்கவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை.

இந்த முறை ஊருக்குப் போனபோது கேட்டேன். "வாசலில் வேண்டுமானால் வைத்துக்கொள், உள்ளே வேண்டாம்" என்றாள். இவ்வளவுதான் பேச்சு. கழற்றி வாசலில் மாட்டினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், ஒலியை நிறுத்தினேன். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இப்போதைக்குப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் ஒரு சாவி இருக்கிறது.

நேற்று மாலை மூன்று முறை அழைத்தும் அம்மா எடுக்கவில்லை. நான்காவது முறை அழைக்காமல் செயலியைத் திறந்தேன். வாசலில் அவள் செருப்பு இல்லை. பிரதோஷம். மூடிவிட்டேன்.