ஆமாம், விளையாடிக்கொண்டுதான் இருக்கிறோம்

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் யாராவது பாக்கி இருந்தால் சிரமப்பட வேண்டாம், பார்த்துவிட்டேன். அரசுத் தொடக்கப்பள்ளி, தரையில் வட்டமாகப் பிள்ளைகள், டீச்சர் கையில் பொம்மை, ஒரே கூச்சல். பின்னணியில் ஓர் அண்ணன் குரல்: "இதுக்கா சம்பளம் வாங்குறீங்க? புக்கு எங்க?" கீழே வரிசையாகக் கைதட்டல்.

அண்ணே, அதுதான் பாடம். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து சின்ன வகுப்புகளில் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறோம். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் ஆசிரியர் கையேட்டிலேயே இருக்கிறது. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, இந்தப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு எந்தப் புக்கைத் திறந்து வைத்திருப்பீர்கள்?

ஒரு நிமிடம் படம் பிடித்தவர் ஒரு வாரம் வந்து உட்காரட்டும். திங்கட்கிழமை சனி, ஞாயிறில் மறந்ததையெல்லாம் மீட்கவே சரியாகப் போகும். 2023 ஆகஸ்ட்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த பிறகு அன்றைக்குப் பசியில் சுருண்டு படுக்கும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஈர்க்குச்சி. பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்போம். 42இல் 17 போக எவ்வளவு? எங்கள் வகுப்பில் ஒருவன் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அன்று நாலு கட்டு, ரெண்டு உதிரிக் குச்சியைக் கையில் கொடுத்தேன். ஏழு உதிரி எடுக்கணுமே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "டீச்சர், ஒரு கட்டை அவுத்துக்கவா?" என்றான். அவிழ்த்துக்கோ என்றேன். கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்கு அன்றைக்குத்தான் வந்தது. அந்த நேரம் யாராவது போனோடு நுழைந்திருந்தால், 'குச்சி வைத்து விளையாடும் வகுப்பு' என்று தலைப்புப் போட்டிருப்பார்.

வாசிப்புக்கு நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலைப் புத்தகங்கள் இருக்கின்றன. புக்கு எங்கே என்றவர் அலமாரிப் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. வெள்ளிக்கிழமை மதிப்பீடு, ஒவ்வொரு பிள்ளையாக, அதையும் போனில் ஏற்ற வேண்டும். சிக்னலுக்கு நாங்கள் வேப்பமரத்தடியில் நிற்பதை எடுத்து, 'பள்ளி நேரத்தில் போன் பார்க்கும் ஆசிரியை' என்று இரண்டாம் பாகம் போடலாம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, ஹெச்எம்மும் நானும்.

இதையே கட்டணம் வாங்கும் பள்ளியில் 'ஆக்டிவிட்டி வீக்' என்பார்கள். மஞ்சள் நாளுக்கு மஞ்சள் சட்டை வாங்க ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைகடையாக அலையும் அப்பாக்களை எனக்குத் தெரியும். அங்கே பிள்ளை மாம்பழ வேஷம் போட்டால் ஸ்டேட்டஸ். இங்கே பொம்மை பேசினால் தண்டச் சம்பளம்.

"எல்லா டீச்சரும் உங்களைப் போலவா?" என்பீர்கள். இல்லை. எந்த ஆபீஸில் எல்லோரும் ஒழுங்கு? அடுத்த கேள்வி. "பாட்டுப் பாடினால் எழுத்து வந்துவிடுமா?" பாட்டு மட்டும் போதும் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? "உங்கள் பையன் எங்கே படிக்கிறான்?" அது வேறு பதிவு, இதில் கேட்காதீர்கள்.

அந்த டீச்சரை எனக்குத் தெரியாது. பொம்மையைக் கீழே வைக்கவும் முடியாமல், தொடரவும் முடியாமல் நின்றாரே, அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. ஒரு பிள்ளை முகத்தைக்கூட மறைக்கவில்லை. மூக்கொழுகல், பட்டன் போன சட்டை எல்லாம் அப்படியே ஊர் பார்க்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டீர்களா? பெரிய பள்ளி கேட்டுக்குள் இப்படிப் போனைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியுமா, வாட்ச்மேன் விடுவாரா? எங்களுக்கு வாட்ச்மேன் கிடையாது. அந்தத் தைரியம்தானே?

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வீடியோவை எடுத்துவிட்டு, திங்கட்கிழமை போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இருக்க வேண்டும், பாதியில் ஓடக்கூடாது.