பெனிசிலினும் ஹீட்லியும்

பெனிசிலின் என்றால் பிளெமிங். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். 1928-ல் லண்டனில் ஒரு பூஞ்சைக்குக் கிருமிகளைக் கொல்லும் குணம் இருப்பதைக் கண்டவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து வரும் பெனிசிலினை மனிதர்களுக்கு ஏற்றக்கூடிய மருந்தாக்கியது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் டன் நோயியல் கூடம். அங்கே வேலை பார்த்த உயிர்வேதியியலாளர் நார்மன் ஹீட்லியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூஞ்சைச் சாற்றிலிருந்து பெனிசிலினைப் பிரிக்கப் போனாலே அது கெட்டுவிடும். சாற்றை அமிலமாக்கி, மருந்தை ஈதர் என்ற திரவத்துக்கு இழுத்து, அங்கிருந்து லேசான காரமுள்ள தண்ணீருக்கே திருப்பிக் கொண்டுவரலாம் என்று வழி சொன்னவர் ஹீட்லி. 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு கிருமி ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் மருந்து. ராத்திரி கண்விழித்துக் கூடவே இருந்து பார்த்தவரும் அவர்தான். விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் செத்துவிட்டன.

போர்க்காலம். பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் கிடையாது. பிஸ்கட் டின்னிலும் ஆஸ்பத்திரி பெட்பேனிலும் வளர்த்தார்கள். பிறகு அந்தப் பெட்பேனை மாதிரியாக வைத்து ஹீட்லியே ஒரு பீங்கான் பாத்திரம் வடிவமைத்தார். பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரேயால் அவற்றில் பூஞ்சையை விதைத்துப் பராமரித்தவர்கள் ஆறு இளம்பெண்கள்.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்தை ஏற்றினார்கள். சட்டென்று தேறினார். கையிருப்பு தீரத் தீர, அவருடைய சிறுநீரை சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்த பெனிசிலினைப் பிரித்து மறுபடி ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார். படிக்கும்போதெல்லாம் என்னால் எளிதில் கடக்க முடியாத இடம் இது. அறிவு இருந்தது, மருந்து வேலையும் செய்தது. அளவுதான் இல்லை. அந்த அளவைக் கூட்டுவதுதான் ஹீட்லியின் வேலை.

1945-ல் நோபல் பரிசு பிளெமிங், ஆக்ஸ்போர்டு குழுவின் தலைவர் புளோரி, அதே குழுவின் செயின் மூவருக்கும் போனது. ஹீட்லிக்கு ஆக்ஸ்போர்டு கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1990-ல், அவருடைய 79-வது வயதில். மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் முறை.

நான் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் நின்றால் போன் எனக்குத்தான் வரும். முடிவு வெளியானால் செய்தியில் பேராசிரியர் பெயர் மட்டும் வரும். பிரிட்டனில் 2017-லிருந்து டெக்னீஷியன்களுக்கு அங்கீகாரம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கின்றன. மனசார வரவேற்கிறேன். ஆனால் அந்த உறுதிமொழி பல்கலைக்கழகம் வெளியிடும் ஒவ்வொரு செய்தியிலும் தெரிய வேண்டும். மெஷினை ஓட்டியவர் யார், செல் வளர்த்தவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள். ரெண்டு வரி கூடினால் போதும்.

ஆக்ஸ்போர்டு குழுவே இதை ஓரளவு செய்து காட்டியது. 1940 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்த முதல் கட்டுரையில் ஏழு பெயர்கள், அகர வரிசையில். தலைவர் புளோரி இரண்டாவது, ஹீட்லி நான்காவது. 1941-ல் வந்த அடுத்த கட்டுரையிலும் ஏழு பெயர்கள். பாத்திரங்களைப் பார்த்துக்கொண்ட அந்த ஆறு பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்த ஏழில் இல்லை.