நோட்டு லேபிளில் எழுதியிருந்தது

என் ஆறாம் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு மாணவர்கள். இனிஷியலும் ஒன்றே. ஒருவன் கடலோரத் தாழங்குடாவிலிருந்து வருகிறான், மற்றவன் கடலூர் நகரத்து மஞ்சக்குப்பம். வருகைப் பதிவேடு எடுக்கும் அவசரத்தில் ஒருநாள் முதலாமவனைக் 'குப்பம்' என்றும் அடுத்தவனை 'டவுன்' என்றும் கூப்பிட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது, தாழங்குடா பையனும் சிரித்தான். எனக்கும் வசதியாக இருந்ததால் அதுவே வழக்கமானது.

சென்ற மாதம் சமூக அறிவியல் நோட்டு திருத்தினேன். அட்டை லேபிளில் பெயருக்கு அருகே, அடைப்புக்குறிக்குள், 'குப்பம்' என்று அவனே எழுதியிருந்தான். முத்து முத்தான கையெழுத்து. உள்ளே 'சமத்துவம் பெறுதல்' பாடத்தின் கேள்வி பதில். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு எவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது? மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம். ஒன்றையும் விடவில்லை. சிவப்பு மையால் டிக் போட்ட பிறகுதான் 'பிறப்பிடம்' என்ற சொல்லில் கண் நின்றது.

ஆசிரியர் அறையில் சொன்னேன். "இதற்கெல்லாமா வருந்துவது? குப்பத்துப் பிள்ளையைக் குப்பம் என்றால் என்ன தப்பு?" என்றார் ஒருவர். தப்பு ஊர்ப்பெயரில் இல்லை. மஞ்சக்குப்பமும் பெயரளவில் குப்பம்தான், ஆனால் அங்கிருந்து வருபவனை நான் 'டவுன்' என்றேனே, அந்தத் தராசு யாருடையது? கடலோரப் பிள்ளை என்றால் நம் வாயில் அந்தச் சொல் எந்தத் தொனியில் வருகிறது என்பது கடலூரில் யாருக்கும் தெரியாததல்ல.

இன்னொரு நண்பர் ஜேன் எலியட் செய்ததைப் போல வகுப்பில் செய்து பார்க்கலாம் என்றார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவா மாநிலச் சிற்றூர் ஒன்றில் அந்த ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்தார். ஒரு பிரிவை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் நடத்திவிட்டு, பிறகு மாற்றிப் போட்டார். அவர் வகுப்பில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள். இழிவு என்றால் என்னவென்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் நடித்துக் காட்ட வேண்டுமா? என் வகுப்பில் அந்த விளையாட்டு வேண்டாம் என்றே சொன்னேன். வேண்டுமானால் ஆசிரியர் கூட்டத்தில் நடத்தட்டும், நானே முதலில் உட்காருகிறேன்.

2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. அதில் வந்த, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. மாணவரைச் சாதியைச் சுட்டி நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆசிரியர் அழைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. எங்களைப் பற்றிய அந்த வரியை நாங்கள் அவ்வளவாகப் பேசவில்லை.

மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று அவனிடமே கேட்டேன். அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார் என்றான். அப்படித்தான் கூப்பிடுகிறேன். இடைவேளையில் மைதானத்திலிருந்து இன்றும் கேட்கிறது: "டேய் குப்பம், பந்தைப் போடுடா!"