பேச வேண்டியவரின் தொண்டையில் குழாய் இருந்தது

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பதினோரு நாட்களும், சுவாசக் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று அவருடைய மணிக்கட்டுகளைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். முடிச்சு அழுந்திய இடத்தில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. "என்னைக் குழாய் சொருகிக் கிடத்தாதீங்கடா" என்று நலமாக இருந்த காலத்தில் அவர் எத்தனையோ முறை சொல்லியிருந்தும், அதை எழுத்தில் வாங்கி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்து என்ன செய்வதென்று மருத்துவர் கேட்டபோது அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கருணைக்கொலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை சுமார் 42 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தார். அவரை இறக்க அனுமதிக்க வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். அத்தனை காலமும் அவரைப் பராமரித்து வந்த செவிலியர்கள் கூடாதென்றார்கள். இரு தரப்பும் அன்பினால்தான் பேசியது என்றே நம்புகிறேன். ஆனால் அருணாவின் விருப்பத்தைச் சொல்ல அருணாவால் முடியவில்லை.

104 வயதில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்விட்சர்லாந்துக்குப் பயணம் செய்து, 2018 மே மாதம் மருத்துவ உதவியுடன் உயிர்விட்ட அறிவியலாளர் டேவிட் குடாலை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தன் வாயால் கேட்டார். ஆனாலும் அப்படி மருத்துவ உதவியுடன் இறக்க அனுமதிக்கும் சட்டத்தை இன்றே இங்கே கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுக்கையில் விழுந்த முதியவர்களின் சாவை வீட்டாரே தீர்மானித்த வழக்கம் இருந்திருக்கிறது. "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று ஒரு பாட்டி சொல்லும்போது, அது அவருடைய விருப்பமா, மருமகள் முகத்தையும் மருந்துச் சீட்டையும் பார்த்துப் பார்த்து அவர் கற்றுக்கொண்ட சொல்லா என்று எந்த அதிகாரியால் பிரித்தறிய முடியும்? வலி தணிக்க மார்ஃபின்கூடக் கிடைக்காத ஊரில் சாவைக் கேட்பவர், வலியிலிருந்து விடுதலையைத்தான் கேட்கிறார். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி கேரளம் முழுவதும் பரவிய வலிதணிப்புச் சேவை, வீட்டுக்கே வந்து அந்த வலியைக் கவனிக்கிறது. முதலில் நமக்கு வேண்டியது அது.

அதுவரை கையில் இருக்கும் உரிமையையாவது பயன்படுத்துவோம். தேறும் வாய்ப்பே இல்லாத நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயிர்சாசனத்தை, 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது. மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையும் 2023இல் நீங்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் போதும்.

சென்ற மாதம் எனக்கு ஒன்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, தனக்கும் எழுதச் சொன்னார். "வலிக்கு மட்டும் மருந்து கொடுக்கட்டும். கையைக் கட்டக் கூடாதுன்னு முதல்ல எழுது."