கருவுற்றால் மெத்தடோனை நிறுத்த வேண்டுமா?

"ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்பின் எடுக்கும் பெண் கருவுற்றால் அன்றே நிறுத்த வேண்டும், இல்லையேல் குழந்தை போதை அடிமையாகப் பிறக்கும். மருத்துவரிடம் சொன்னால் சிகிச்சை கிடைக்காது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. தவறு; ஆபத்தானதும்கூட. ஓபியாய்டு என்பது ஹெராயின், மார்ஃபின் போன்ற பொருள்கள்; மெத்தடோனும் புப்ரெனார்பினும் அந்தப் பழக்கத்துக்கு மருத்துவர் தரும் சிகிச்சை மருந்துகள்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட, கர்ப்பகாலப் போதைப்பொருள் பயன்பாடு பற்றிய வழிகாட்டி இதற்கு நேர்மாறு. பழக்கத்தை ஒரேயடியாக விட முயல்வதைவிட இவ்விரு மருந்துகளில் ஒன்றைத் தொடர்வதே நல்லது என்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மருந்து நின்றால் பழைய பழக்கம் திரும்பும் அபாயம் கூடும். உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் அந்நேரத்தில், முன்பு எடுத்த அதே அளவு உயிரைப் பறிக்கலாம். இன்னும் சொல்லப்போனால், கடைசி மாதங்களில் உடல் மெத்தடோனை வேகமாகக் கழிப்பதால் மருத்துவர் அளவைக் கூட்டவோ, இரு வேளையாகப் பிரிக்கவோ நேரும்.

குழந்தை விஷயத்தில் துளி உண்மை உண்டு. பிறந்த சில நாட்களில் கீச்சென்ற அழுகை, நடுக்கம், பால் குடிக்கச் சிரமம் தோன்றலாம். இது விலகல் அறிகுறி, அதாவது தாய் வழியாகக் கிடைத்த மருந்து பிறந்ததும் நின்றுபோவதால் உடல் காட்டும் எதிர்வினை; அடிமைத்தனம் அல்ல. குணப்படுத்தக்கூடியது. அதனால்தான் குழந்தையைச் சில நாட்கள் மருத்துவமனையிலேயே கவனிக்கிறார்கள். மங்கலான வெளிச்சம், தாயின் அணைப்பு, தாய்ப்பால் ஆகியவையே முதல் வைத்தியம், போதாதபோதுதான் மருந்து.

எனக்குக் கோபம் மூட்டுவது செய்தியின் கடைசி வரிதான். சிகிச்சை மறுக்கப்படக் கூடாது, பாகுபாடு கூடாது என்பது அந்த வழிகாட்டியின் அடிப்படைக் கொள்கை. மருத்துவரிடம் பேசாமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.