இரண்டு மீட்டர் நிலம் இல்லையா?

குரோவாசியாவின் அட்ரியாட்டிக் கரையில் நாள் முழுவதும் மிதிவண்டியில் மேடேறி இறங்கி, மாலையில் கூடார முகாமின் வாசலில் நின்றால் கிடைப்பது ஒரே பதில்: "இடம் இல்லை." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எதற்கு இடம் இல்லை? என் கூடாரம் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கார் கிடையாது, மின்சாரம் வேண்டாம், விடிந்தால் கிளம்பிவிடுவேன். ஓர் ஆலிவ் மரத்தடி போதும். உள்ளே பார்த்தால் பஸ் அளவுக்கு வீட்டு வண்டிகள்! ஒவ்வொன்றின் முன்னாலும் துணிப்பந்தல், மேசை, நாற்காலி, தொலைக்காட்சி. இன்னொரு முகாமில் இடம் உண்டாம், ஆனால் குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டுமாம். மூன்று நாள் ஓரிடத்தில் உட்காரவா ஒருவன் மிதிவண்டியில் ஊரைவிட்டுக் கிளம்புகிறான்?

சரி, கடலோரம் எங்காவது படுக்கலாம் என்றால், முகாமுக்கு வெளியே கூடாரம் அடிப்பதற்கு அந்நாட்டில் தடை. பிடிபட்டால் அபராதம்.

"அடுத்த முகாம் பதினைந்து கிலோமீட்டர்தான்" என்கிறார்கள். அந்தத் 'தான்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிறது. காருக்கு அது கால் மணி நேரம். எனக்கு? இருட்டும் வேளை, உரசிக்கொண்டு போகும் லாரிகள், வெலெபித் மலையிலிருந்து திடீரென்று இறங்கும் 'பூரா' என்னும் காற்று. மூட்டைகளோடு வண்டியையே நடுச்சாலைக்குத் தள்ளிவிடும் காற்று அது.

ஸ்பெயினின் காதிஸிலிருந்து சைப்ரஸ் வரை 7,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் யூரோவெலோ 8 மிதிவண்டிப் பாதை இந்தக் கரை வழியாகவும் போகிறது. வரைபடத்தில் கோடு போட்டு வாருங்கள் என்று அழைக்கத் தெரிகிறதே, வந்தவன் இரவில் எங்கே தலை சாய்ப்பான்?